தலைகீழ் என்ற பெயர் அவனுடையதல்ல

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொழிற்சாலையில் என்னைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள். மறுமுனையில் காதர் பாய். புக்கிட் ரோத்தானில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். ஞாயிறுதோறும் நம் எலக்ட்ரோனிக்ஸ் கூட்டம் நடப்பது அவர் கடையின் பின்னறையில்தான். "தம்பி செல்வா, தலைகீழ் போயிட்டாரு லா," என்றார். "மில்லுல வேலையில இருக்கும்போதே நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்திருக்காரு. லோரியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, அசாம் ஜாவா தாண்டறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போனதுதான் என் அவமானம். முனியாண்டி என்ற பெயர் ஒரு தடவைகூட வராமல் முனியாண்டியின் சாவுச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தது.

வரும் ஞாயிறு அதே பின்னறையில் நினைவுக் கூட்டம். வாசிக்க இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நம் செயலாளர் கேட்டார். "பழைய கூட்டாளி நீங்கதானே. அந்தத் தலைகீழ் கதையையும் சேத்துக்குங்க, கொஞ்சம் கலகலப்பா இருக்கும்," என்றார். சேர்த்துக்கொள்கிறேன். முழுதாகவே சேர்த்துக்கொள்கிறேன். கலகலப்பாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. மேடை மரியாதைக்காக அவனை 'அவர்' என்று எழுதப்போவதும் இல்லை. ஆறு வயதிலிருந்து எனக்கு அவன் அவன்தான். உயிரோடு இருந்தபோது நாம் கொடுக்காத மரியாதையை இப்போது தாளில் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

நாங்கள் இருவரும் ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசைவீடு, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. ஆறாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். படிப்பு ஏறாமல் அல்ல. அப்பா கால் ஒடிந்து படுத்திருந்தார், வீட்டில் அடுத்த ஆள் அவன். நான் பஸ் ஏறி கோல சிலாங்கூருக்குப் படிக்கப் போனேன். அவன் கால்வாய் வெட்டப் போனான், பிறகு எண்ணெய் மில்லில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலைக்குப் போனான். நான் டிப்ளோமா வாங்கி சுங்கைவே பக்கம் டெக்னீஷியன் ஆன வருடம், அவன் கெட்டுப்போன ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தும், காதர் பாய் கடையில் கிடந்த பழைய ஆங்கில மாத இதழ்களின் படங்களைப் பார்த்தும், நான் மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்து கற்றதையெல்லாம் கற்றிருந்தான். "இங்கிலீசு தெரியாட்டி என்னாடா, கோடு தெரியுதுல்ல," என்பான். இதில் எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொறாமையாகத்தான் இருந்தது.

சர்க்யூட் போர்டு செய்வதை நம்மில் பலர் முதன்முதலில் பார்த்தது அவன் வீட்டுக் குளியலறையில்தான். செம்புத் தகடு ஒட்டிய அட்டையில், மின்சாரம் ஓட வேண்டிய பாதைகளை மனைவி லெட்சுமியின் நகப்பூச்சால் வரைவான். காய்ந்ததும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றிய பழுப்பு மருந்தில் அட்டையைப் போட்டு ஆட்டுவான். பூச்சு இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்துபோகும். பாதைகள் மட்டும் மிஞ்சும். துளை போட்டு, மின் உறுப்புகளின் கால்களை நுழைத்து ஈயம் வைத்தால் வேலை முடிந்தது. அந்த மருந்தின் கறை லேசில் போகாது. பிள்ளைகளின் பள்ளிச்சட்டை, குளியலறைச் சிமெண்ட், அவன் பத்து விரல், எல்லாம் துரு நிறத்தில் இருக்கும். "நகத்துக்குப் போடத்தான் வாங்கினேன், இன்னும் ஒரு வெரலுக்குக்கூடப் போட்டதில்ல," என்று லெட்சுமி வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

அவன் முதல் போர்டைப் பக்கம் மாற்றி வரைந்தது உண்மைதான். உறுப்புகள் நிற்பது போர்டின் ஒரு பக்கம். செம்புப் பாதைகள் இருப்பது மறுபக்கம். உறுப்புகள் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்து யோசித்ததை அப்படியே செம்பில் வரைந்துவிட்டால், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் இடம் வலமாகிவிடும். எட்டுக்கால் ஐசி சில்லின் முதல் கால் இருக்க வேண்டிய துளையில் எட்டாவது கால் நிற்கும். இதில் கைவைத்த எல்லோரும் ஒரு தடவை விழும் குழி அது. விழுந்தான், மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அதன்பிறகு அவன் செய்த ஒவ்வொரு போர்டின் மூலையிலும் ஓர் 'அ' இருக்கும், மற்ற பாதைகளோடு சேர்ந்து செம்பிலேயே. செம்புப் பக்கத்தைப் பார்க்கும்போது 'அ' நேராகத் தெரிந்தால் எல்லாம் சரி. திரும்பித் தெரிந்தால் பக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம். "செம்பு பொய் சொல்லாதுடா, நாமதான் சொல்லுவோம்," என்பான். இதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்.

இனி உப்பு மணி. தோட்டத்தின் கடலோரப் பகுதி பள்ளம். கரையிலிருக்கும் மதகுக் கதவில் ஒரு மட்டையோ கட்டையோ சிக்கிக்கொண்டால், கடல் ஏறும் நேரத்தில் உப்புத் தண்ணீர் கால்வாய் வழியாகப் பள்ளத்து லயத்துக்குள் வந்துவிடும். அங்கேதான் ஆயாக் கொட்டகை இருக்கிறது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். மதகுக் காவலர் ஒரே ஆள். அவர் சுற்ற வேண்டிய கரையோ நீளம். முனியாண்டியின் வீடும் பள்ளத்து லயத்தில்தான். அவன் ஒரு மணி செய்தான். கால்வாயில் ஒரு மரக்கட்டையை நட்டு, அதில் துருப்பிடிக்காத இரண்டு போல்ட்டுகளைப் பொருத்தினான். நல்ல தண்ணீரில் அவற்றுக்கு இடையே மின்சாரம் கொஞ்சமாகத்தான் ஓடும். உப்புத் தண்ணீர் வந்தால் கூடும். கூடியதும் லயத்தில் மணி அடிக்கும். எவ்வளவு உப்புக்கு அடிக்க வேண்டும் என்று பார்க்க, கால்வாய்த் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து, கரண்டி கரண்டியாக உப்புக் கரைத்து, நாக்கிலும் வைத்துப் பார்ப்பான். "மீன்கொழம்பு உப்பு வந்துச்சுன்னா அடிக்கணும்," என்று கணக்கு வைத்துக்கொண்டான். லெட்சுமி உப்பு ஜாடியை ஒளித்து வைக்க ஆரம்பித்தார்.

தோட்ட மேலாளர் பெரிய துரை ஒருநாள் வந்து பார்த்தார். மணி அடித்தது; தலையாட்டினார். ஆனால் நகப்பூச்சில் வரைந்த போர்டைக் கம்பெனிக் கட்டடத்தில் மாட்ட முடியாது என்றார். முறையாகத் தொழிற்சாலையில் அச்சிட்ட போர்டில் பன்னிரண்டு மணி செய்து காட்டு, பார்க்க ஒழுங்காக இருந்தால் கால்வாய் நெடுக வைப்போம், உன்னையும் ஒர்க்‌ஷாப்பில் வயர்மேனாகப் போடுகிறேன் என்றார். வயர்மேன் என்றால் மேட்டு லயத்தில் வீடு. லெட்சுமிக்கு மூன்றாவது குழந்தை பிறந்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்த வாரம் முனியாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

தொழிற்சாலைக்கு வரைபடம் ஒளி ஊடுருவும் படலத்தில் வேண்டும், அதுவும் போர்டைப்போல இரண்டு மடங்கு அளவில். மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சவர பிளேடால் நூல் நூலாகக் கீறி, கட்டம் போட்ட தாளின்மேல் படலத்தை வைத்து, ஒவ்வொரு பாதையாக ஒட்டினான். மில் வேலை முடிந்து வந்து பதினோரு நாள் ஒட்டினான். மூலையில் 'அ'வும் டேப்பில்தான். அதன் வளைவுக்கே ஒரு மாலைப்பொழுது போயிற்று. பன்னிரண்டே பன்னிரண்டு போர்டுக்கு யாரும் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். என் மேலதிகாரிக்குத் தெரிந்த ஓரிடத்தில், எனக்காக, ஒரே ஒரு தடவை செய்துதருவதாக ஒப்புக்கொண்டார்கள். படலத்தைக் கொண்டுபோக வேண்டியவன் நான். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். "டேய் செல்வா, செம்பு எந்தப் பக்கம்னு கேப்பாங்க. நீ வேற ஒண்ணும் யோசிக்காத. 'அ' நேரா தெரியற பக்கம்னு காட்டிடு. அவ்ளோதான் லா." பஸ் நகர்ந்த பிறகும் விரலால் காற்றில் 'அ' எழுதிக் காட்டினான்.

அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். தவறு அவர்களுடையதல்ல. குளிரூட்டிய அறை, பளபளக்கும் மேசை, எனக்கு முன்னும் பின்னும் கழுத்துப்பட்டை கட்டிய எஞ்சினியர்கள், அவர்கள் கையில் அச்சுப்போல் எழுதிய ஆங்கில வரைபடங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படலத்தை விரித்தாள். மூலையைத் தொட்டு, "இது என்ன, எறும்பா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள். பின்னால் நின்றவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அது எங்கள் மொழியின் முதல் எழுத்து என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது வேறு. "அழுக்கு," என்றேன். மேசைமேல் கிடந்த பிளேடை எடுத்து அந்த 'அ'வைச் சுரண்டினேன். பசை ஒட்டிக்கொண்டிருந்தது, படலத்தைத் திருப்பிப் போட்டும் துடைத்தேன், மறுபடி திருப்பினேன். "செம்புப் பக்கம் எது?" என்று கேட்டாள். பார்த்தேன். மூலை காலியாக இருந்தது. டேப் ஒட்டிய பக்கமா மறுபக்கமா, அவன் எதைச் செம்பாக வைத்து ஒட்டினான் என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து ஐசியின் கால்களை எண்ணியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் ஆட்கள் நின்றார்கள். டிப்ளோமா வாங்கியவன் தெரியாமல் விழிக்கலாமா? "இதுதான்," என்று ஒரு பக்கத்தைக் காட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்துப் போர்டுகள் வந்தன. படலமும் போர்டுகளும் இருந்த பழுப்பு உறையை அப்படியே கொண்டுபோய் காதர் பாய் கடையில் அவனிடம் கொடுத்தேன். அன்று ஞாயிறு, உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். அவ்வளவு அழகான போர்டை அதற்குமுன் நம்மில் யாரும் தொட்டதில்லை. முனியாண்டி ஒன்றை எடுத்துச் செம்புப் பக்கத்தைத் திருப்பினான். அவன் கட்டைவிரல் நேராக மூலைக்குப் போய் அங்கேயே நின்றது. அடுத்ததை எடுத்தான், அதற்கடுத்ததை எடுத்தான். பன்னிரண்டையும் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தான். காதர் பாய் ஐசியை வைத்துப் பார்த்து, "பக்கம் மாறிப்போச்சு போலருக்கே," என்றார். உங்களில் யாரோ, "மறுபடியுமா?" என்றார். "ஆமா பாய்," என்றான் முனியாண்டி. "'அ' போட மறந்துட்டேன் போல. என் புத்திய செருப்பால அடிக்கணும்." நீங்கள் சிரித்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் உண்மையிலேயே மறந்ததாக நினைத்துக்கொண்டான் என்று அந்த நிமிடமே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஓட்டினேன்.

மறுபடி ஆர்டர் கொடுக்க வழியில்லை. துரை குறித்த நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மாறிப்போன போர்டைக் காப்பாற்ற ஒரே வழி, உறுப்புகளையும் செம்புப் பக்கத்திலேயே வைப்பது. அவற்றைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, அடியில் சாமணத்தால் பிடித்து, இண்டு இடுக்கில் ஈயம் வைக்க வேண்டும். பன்னிரண்டையும் அப்படிச் செய்தான். பன்னிரண்டும் அடித்தன. ஆனால் பார்க்க விகாரமாக இருந்தன. உறுப்புகளெல்லாம் கால் உயர்த்திக்கொண்டு கோணல்மாணலாக நின்றன. துரையோடு தலைமையகத்திலிருந்து ஓர் எஞ்சினியரும் வந்திருந்தார். அவர் ஒரு மணியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கம்கூடத் தெரியாதவனிடம் கால்வாயை நம்பிக் கொடுக்க முடியுமா என்று துரையிடம் கேட்டார். மணி அடிக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. வயர்மேன் வேலைக்கு, ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் பெரிய கிராணியின் மைத்துனன் வந்தான்.

அந்த வாரமே அவனுக்குத் 'தலைகீழ்' என்று பெயர் வைத்தோம். யார் முதலில் சொன்னது என்று இப்போது விசாரித்தால் ஆளுக்கு ஆள் கை காட்டுவீர்கள். விசாரணை வேண்டாம், நானும் கூப்பிட்டேன். "என்னா தலைகீழ், பசியாறியாச்சா?" என்று நானே அவன் வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிடுவான். அவன் பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் 'தலைகீழ் மவன்' என்று கூப்பிட்டபோதும் அவன் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றை அவன் தன் சொந்தப் பொறுப்பில் பள்ளத்து லயத்துக் கால்வாயில் வைத்து, மணியை ஆயாக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தான். அடுத்த வருடம், ஒருநாள் காலை பத்து மணிக்கு, லயமே வேலைக்காட்டில் இருந்த நேரத்தில், மதகில் மரம் சிக்கிக் கடல் தண்ணீர் உள்ளே வந்தது. மணி அடித்தது. ஆயாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணும் பதினாலு குழந்தைகளையும் நடை நடையாக மேட்டுக்குத் தூக்கி ஓடினார்கள். திரும்பிப் பார்க்கும்போது தொட்டில் துணிகள் தண்ணீரில் மிதந்தனவாம். துரை ஆயாவைக் கூப்பிட்டுப் பாராட்டிச் சேலை கொடுத்தார். சேலை அவருக்குத் தகும். நான் குறை சொல்லவில்லை. ஆனால், "மணி அடிச்சுச்சுங்க, தொரை," என்று ஆயா சொன்னதைக் கிராணி துரைக்கு மொழிபெயர்க்கவில்லை. அடுத்த ஞாயிறு பின்னறையில் நாம் என்ன பேசினோம் என்று நினைவிருக்கிறதா? "தலைகீழா நின்னாலும் கத்துதுப்பா," என்று ஒருவர் சொன்னார். முனியாண்டியும் சேர்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்றாவது சொல்லியிருக்கலாம். பிறகு பல ஞாயிறுகளில் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு தடவை மழையைப் பற்றிப் பேசினேன். இன்னொரு தடவை என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் எழுந்துபோன பிறகு, லெட்சுமி உள்ளே போய் அந்தப் பழுப்பு உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். படலம் உள்ளே இருந்தது. பாதைகள் எல்லாம் அவன் ஒட்டியபடியே இருந்தன. மூலையில் என் பிளேடு போட்ட கீறல்கள், வெள்ளையாக, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்ணே," என்றார். "அந்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து, சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. யாரு சொரண்டினதுன்னு கேட்டேன். 'செல்வாதான், வேற யாரு கைக்கும் போகல'ன்னாரு. நான் கத்தினேன். போய்க் கேளுங்க, எல்லார் முன்னாடியும் கேளுங்கன்னேன். 'நான் கேட்டா அவனுக்கு அசிங்கமாப் போயிரும். இரு, அவனே வந்து சொல்லுவான்'னாரு."

படலத்தைத் திரும்ப உறைக்குள் செருகினேன்.

"நாலு வருசம். நீங்க வரும்போதெல்லாம் அடுப்படியில தேத்தண்ணி கலக்கிக்கிட்டே காதக் குடுத்துக்கிட்டிருப்பேன், இன்னிக்குச் சொல்லுவீங்களான்னு. நீங்க போனப்பறம் அவரு மொகத்தப் பாப்பேன். 'அடுத்த தடவ சொல்லுவான்'னு சொல்லிட்டு டம்ளர எடுத்து வைப்பாரு." அவர் அழவில்லை. கோபத்தோடும் சொல்லவில்லை. உறையை என்னிடமே விட்டுவிட்டுக் கடைசிப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனார். பள்ளத்து லயத்தின் அதே குளியலறை. சிமெண்டில் அந்தக் கறை இன்னும் அப்படியே இருக்கிறது.

அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் ஒரு மாதம் தலைகுனிந்து திரிந்திருப்பேன், அவ்வளவுதான். அவனுக்கு வேலை கிடைத்திருக்குமா என்று தெரியாது. ஆனால் அந்தப் பெயர் கிடைத்திருக்காது. நான் தானாக வந்து சொல்லும் ஆள் என்று என்னை நம்பிய ஒரே மனிதன் அவன். அந்த நம்பிக்கையை நான் தோற்கடித்தேன், ஒவ்வொரு தடவையும் அவன் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு. இதற்கு மன்னிப்பு கேட்க ஆள் இல்லை. லெட்சுமியிடம் கேட்கலாம் என்றால், கேட்பதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் படலம் ஒன்றுதான். மூலையில் டேப்பால் மறுபடி ஓர் 'அ' ஒட்டிவிடலாமா என்று ஒரு மாலை பிளேடை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். கீறல் கீறலாகவே இருக்கட்டும். செம்பு சொல்லாததை அது சொல்கிறது.

இந்தப் பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை நானே வாசிப்பேன், செயலாளரிடம் கொடுக்க மாட்டேன். லெட்சுமியையும் பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் பெயர் முனியாண்டி. கூட்டம் முடிந்து கலையும்போது, பழக்கதோஷத்தில் உங்களில் யாருக்காவது 'தலைகீழ்' என்று வாயில் வந்தால் விழுங்க வேண்டாம். சத்தமாகவே கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.